பெத்ரியின் முதல் இரண்டு வருடம்: அந்த 73 ஆட்டம் தேவைதானா?

நடுக்களம்

பார்சிலோனாவின் இளம் வீரர் யமால் பற்றிய இழையில் நேற்று மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "இவனும் பெத்ரி மாதிரி ஆகிவிடக் கூடாது." சரி, பார்சிலோனாவின் நடுக்கள ஆட்டக்காரர் பெத்ரிக்கு என்னதான் ஆனது, ஏன் காயம்மேல் காயம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. அப்போதைய பார்சிலோனா பயிற்சியாளர் கூமன்தான் காரணம், ஸ்பெயின் கால்பந்து சங்கம்தான் காரணம், உடம்பு வாகே அப்படித்தான். அங்கே பேச்சு திசைமாற வேண்டாம் என்று தனி இழையாகத் திறக்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. பெத்ரி பிறந்தது 2002 நவம்பர் 25, தெனெரீஃப் தீவில் தெகெஸ்தே என்ற சின்ன ஊரில். தாத்தா அந்த ஊரில் பார்சிலோனா ரசிகர் மன்றம் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பா உணவகம் நடத்தினார், மன்றத்து ஆட்கள் அங்கேதான் கூடி ஆட்டம் பார்ப்பார்கள். பையனுக்குப் பார்சிலோனாவின் பழைய நடுக்கள நாயகன் இனியெஸ்டா என்றால் உயிர். 2018 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட் ட்ரையலுக்குக் கூப்பிட்டது, எடுக்கவில்லை. அதே வருடம் லாஸ் பால்மாஸ் எடுத்துக்கொண்டது.

2019 ஆகஸ்ட் 18, ஹுவெஸ்காவுக்கு எதிராக இரண்டாம் டிவிஷனில் முதல் ஆட்டம். வயது 16. பயிற்சியாளர் பெப்பே மெல். செப்டம்பர் 2 அன்று பார்சிலோனா 50 லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டது, மேற்கொண்டு ஆட்டக் கணக்குப்படி கூடுதல் தொகை. அவருடைய முதல் கோல் வந்ததோ செப்டம்பர் 19 அன்று, ஸ்போர்ட்டிங் கிஹோனுக்கு எதிராக. அதாவது சீனியர் ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காத பையனை விலை பேசி வைத்துவிட்டு, அந்த சீசன் முழுக்க லாஸ் பால்மாஸிலேயே ஆடவிட்டார்கள். லீகில் 36 ஆட்டம், 4 கோல்.

2020–21இல் பார்சிலோனாவுக்கு 52 ஆட்டம். அதோடு ஸ்பெயின் 21 வயதுக்குட்பட்டோர் அணி, சீனியர் அணி, யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைத் தொடர்), டோக்கியோ ஒலிம்பிக்ஸ். எல்லாம் சேர்த்தால் 73. அதற்கு அடுத்த சீசனில் பார்சிலோனாவுக்கு ஆடியது 22.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 52 பெரிய குற்றம் இல்லை. 2021 கோடைதான் குற்றம். அந்தக் கோடையில் "போதும்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஓர் ஆள்கூட இல்லை.

---

வெள்ளைச்சட்டை

முதலில் எங்கள் ரியல் மாட்ரிட் பக்கத்து வாக்குமூலம். அந்த ட்ரையல் வாரத்தில் மாட்ரிட்டில் பனி கொட்டியது, எங்கள் வால்டெபெபாஸ் பயிற்சி மைதானத்தில் ஒழுங்காகப் பயிற்சியே நடக்கவில்லை. பெத்ரியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வெயில் தீவிலிருந்து வந்த 15 வயதுப் பையன் பனியில் நின்றான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் வெயில் அடித்திருந்தால் இந்த இழையையே நான்தான் திறந்திருப்பேன்.

மற்றபடி நடுக்களம் சொல்வதில் பாதிதான் சரி. 18 வயதுப் பையனுக்கு 52 ஆட்டமே அதிகம். ரன்-இன் முடியாத புது பைக்கில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறினால் கடைசி வளைவை மட்டும் குறை சொல்ல முடியுமா?

---

திண்ணைப்பேச்சு

கூமனை எல்லோரும் சுலபமாகத் திட்டுகிறார்கள். 2020 கோடையில் நிலைமை என்ன என்று மறந்துவிட்டது போல. பேயர்னிடம் 8–2 வாங்கிய அணி. சுவாரெஸ் போய்விட்டார், ராகிட்டிச் போய்விட்டார், விடால் போய்விட்டார். மெஸ்ஸியே போகிறேன் என்று கடிதம் அனுப்பியிருந்தார். கையில் காசு இல்லை. பெத்ரியைக் கடனுக்கு வேறு கிளப்புக்கு அனுப்பலாம் என்ற பேச்சுதான் முதலில் இருந்தது. பயிற்சியில் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர் கூமன்.

செப்டம்பர் 27இல் வியாரியாலுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் இறக்கினார். அக்டோபர் 17இல் ஹெத்தாஃபேயில் முதல் தடவை தொடக்க அணியில். 20ஆம் தேதி ஃபெரன்ஸ்வாரோஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து கோல். 28ஆம் தேதி டுரினில் யுவெண்டஸுக்கு எதிராகத் தொடக்க அணியில், அதுவும் இடது ஓரத்தில், எதிரே குவாத்ராதோ. ஒரே மாதத்தில் இவ்வளவு. குவாத்ராதோ எவ்வளவு பெரிய ஆள்! அன்றைக்கு அவர் முன்னே போவதா பின்னே ஓடுவதா என்று தெரியாமல் திணறினார்.

இப்படி ஆடுகிறவனைப் பெஞ்சில் வைத்திருந்தால் நீங்களே கூமனின் உருவப்பொம்மையைக் கொளுத்தியிருப்பீர்கள்.

---

வெள்ளைச்சட்டை

அண்ணே, அதே பெஞ்சில் பியானிச் இருந்தார். யுவெண்டஸிலிருந்து பெரிய தொகை கணக்குக் காட்டி வாங்கிய ஆள். ரிக்கி புய்க் இருந்தார். இருவரையும் தொடவே இல்லை. லீகில் 38இல் 37 ஆட்டம் பெத்ரி. ஒரு ஆட்டத்துக்குக்கூட மாற்றாள் இல்லையா?

---

திண்ணைப்பேச்சு

37இல் பலவும் பாதி ஆட்டம், 20 நிமிடம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், நிமிடத்தையும் பாருங்கள்.

---

ஐஸ்பேக்

தொழிலால் நான் பிசியோ. இந்த விவாதம் வரும்போதெல்லாம் "காயம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வரிசையாகப் பார்க்கலாம்.

2021 செப்டம்பர்: பேயர்ன் ஆட்டத்தில் இடது தொடை முன்பக்கத் தசை. திரும்பி வந்து பென்ஃபிகாவுக்கு எதிராக ஆடினார், மறுபடியும் அதே தொடை. பிறகு 2022 ஜனவரி வரை ஆளே இல்லை.
2022 ஏப்ரல்: ஃபிராங்ஃபர்ட் ஆட்டத்தில் இடது பின்தொடை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங். சீசன் முடிந்தது.
2023 பிப்ரவரி: மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம், வலது தொடை.
2023 ஆகஸ்ட், 2024 மார்ச்: மறுபடி வலது முன்தொடை. பில்பாவோவில் அழுதுகொண்டே வெளியே போனது அந்த மார்ச்சில்தான்.

கவனித்தீர்களா? யாரும் அவரை மிதித்து உடைக்கவில்லை. எல்லாமே தசை. மிதிபட்டுப் போனது 2024 யூரோ காலிறுதியில் மட்டும்தான். குரோஸ் மோதியதில் முழங்கால் தசைநார், 8ஆவது நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டார். அது வேறு கணக்கு.

முன்தொடையில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்ற தசை ஒன்று உண்டு. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் தாண்டி ஓடுவது. உதைக்கும்போது கால் பின்னே போய் இடுப்பு விரியும், முழங்கால் மடங்கும், அந்த நொடியில் தசை இரண்டு பக்கமும் இழுபடும். வேகமாக ஓடிவந்து சடாரென்று நிற்கும்போதும் சுமை இதன் மேல்தான். பெத்ரியின் ஆட்டமே ஓடு, நில், திரும்பு. பந்தை வாங்குவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம் போடுவார், அதில்தான் எதிராளி ஏமாறுவான். அந்த நிறுத்தத்துக்கு விலை கொடுப்பது இந்தத் தசை.

இன்னொன்று. 18 வயதில் இடுப்பெலும்பில் தசைகள் பிடித்திருக்கும் இடங்கள் எல்லோருக்கும் முழுசாக முற்றியிருக்காது. சிலருக்கு அது 20 தாண்டியும் நடக்கும். உயரம் வளர்ந்து முடிந்துவிட்டதால் உடம்பு தயார் என்று அர்த்தமில்லை.

ஆனால் நான் "73தான் காரணம்" என்று கையெழுத்துப் போட மாட்டேன். தசைக் காயத்துக்குப் பெரிய முன்னறிவிப்பு எது என்றால் முன்பு வந்த தசைக் காயம்தான். முதல் காயத்துக்குக் காரணம் சுமையாக இருக்கலாம். இரண்டாவது, மூன்றாவதுக்கு, முதல் காயத்திலிருந்து எவ்வளவு அவசரமாகத் திரும்பினார் என்பதையும் கேட்க வேண்டும்.

---

நடுக்களம்

ஐஸ்பேக் சார், இதற்காகத்தான் இழையைத் திறந்தேன். நன்றி.

அந்த முதல் காயத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தை மட்டும் வரிசையாக வைக்கிறேன். யூரோவில் ஸ்பெயின் ஆறு ஆட்டம். முதல் மூன்றும் 90 நிமிடம். குரோஷியா கூடுதல் நேரம், சுவிட்சர்லாந்து கூடுதல் நேரம், இத்தாலி கூடுதல் நேரம். மொத்தம் 630 நிமிடம். அதில் பெத்ரி களத்தில் இல்லாதது ஒரே ஒரு நிமிடம். சுவிட்சர்லாந்து ஆட்டத்தில் 119ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள்.

ஜூலை 6, வெம்பிளியில் பெனால்டியில் தோல்வி. ஜூலை 22, சப்போரோவில் எகிப்துக்கு எதிராக ஒலிம்பிக்ஸ் முதல் ஆட்டம். நடுவில் 16 நாள், அதற்குள்ளேயே ஜப்பானுக்குப் பயணமும் பயிற்சி ஆட்டமும். அங்கேயும் ஆறு ஆட்டம். அங்கேயும் ஐவரி கோஸ்ட், ஜப்பான், பிரேசில் என்று கடைசி மூன்றும் கூடுதல் நேரம். அதுவும் ஜப்பான் கோடை வெக்கையில். ஆகஸ்ட் 7 யோகோஹாமாவில் இறுதிப் போட்டி, பிரேசிலிடம் 2–1 தோல்வி, வெள்ளி.

ஆகஸ்ட் 15, கேம்ப் நோவில் ரியல் சோசியெதாத் ஆட்டம். தொடக்க அணியில் யார்? அதே பையன். எட்டே நாள். விடுமுறை என்று ஒன்று கொடுத்தது அதற்கு அப்புறம்தான்.

---

கோல்போஸ்ட்_குருவி

புது ஆள், ஒரு சந்தேகம். ஒலிம்பிக்ஸுக்கு ஆளை அனுப்ப மாட்டேன் என்று கிளப் சொல்லலாம் என்று கேள்விப்பட்டேனே? மற்ற கிளப்புகள் சொன்னார்களே?

---

திண்ணைப்பேச்சு

நல்ல கேள்வி தம்பி. ஃபிஃபா விதிப்படி யூரோ, உலகக் கோப்பை போன்றவற்றுக்கு ஆளை விட்டே ஆக வேண்டும். ஒலிம்பிக்ஸ் ஆடவர் கால்பந்து அந்தப் பட்டியலில் கிடையாது, அதனால் மற்ற நாட்டுக் கிளப்புகள் மறுக்கலாம். ஸ்பெயினில் சிக்கல் வேறு. அந்த நாட்டு விளையாட்டுச் சட்டத்திலேயே தேசிய அணி கூப்பிட்டால் பதிவுபெற்ற வீரர் போக வேண்டும் என்று இருந்தது. ஸ்பெயின் கிளப்பில் ஆடும் ஸ்பெயின்காரனுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

கூமன் அப்போதே வாய்விட்டுச் சொன்னார், 18 வயதுப் பையனுக்கு இது மிக அதிகம் என்று. யார் கேட்டார்கள்? அதனால்தான் சொல்கிறேன், அந்த மனிதன் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

---

வெள்ளைச்சட்டை

வாய்விட்டுச் சொன்னவர் ஆகஸ்ட் 15இல் எதற்குத் தொடக்க அணியில் போட்டாராம்?

---

திண்ணைப்பேச்சு

மெஸ்ஸி போய் பத்து நாள். அணியைப் பார்த்தீர்களா? பிரைத்வெய்ட் முன்வரிசையில். நான் நிறுத்திக்கொள்கிறேன்.

---

மன்னார்_உதை

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பக்கம் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவம், பழக்கதோசத்தில அந்தச் சொல்லு வந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் எல்லாரும் பார்சிலோனாவில் இருந்துதான் கதையைத் தொடங்குறீங்கள். எனக்கு லாஸ் பால்மாஸ் வருசம்தான் முக்கியம். தெனெரீஃப் தீவுப் பெடியன் கிரான் கனாரியாத் தீவின் கிளப்புக்குப் போறது சும்மா விசயம் இல்லை. இரண்டு தீவுக்கும் இடையில் உள்ள டெர்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பாசமான போட்டி இல்லை.

ஆனால் அவருக்கு அது சரியான இடமாக அமைந்தது. கனாரித் தீவுகளில் இருந்து வரும் நடுக்கள ஆட்டக்காரர்களிடம் ஒரு சாயல் உண்டு. வலெரோன், தாவீத் சில்வா, இரண்டு பேரும் அர்கினெகின் என்ற ஒரே மீனவ ஊர்க்காரர்கள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவசரப்பட மாட்டார்கள், எதிராளி முதலில் அசையட்டும் என்று பார்ப்பார்கள். பெத்ரியும் அந்த வரிசைதான். பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிக்கூடமான லா மாசியாவில் வளர்ந்தவர் என்று இப்பவும் சிலர் நினைக்கினம். அவர் ஒரு நாளும் அங்க படிக்கவில்லை.

இரண்டாம் டிவிஷன் என்று லேசாகச் சொல்ல வேண்டாம். 22 அணி, 42 ஆட்டம், இறங்கிப்போகாமல் தப்பிப்பதற்காக உயிரைக் கொடுக்கும் முப்பது வயதுக்காரர்கள். அங்க 16, 17 வயதில் 36 ஆட்டம் நின்றவனுக்கு ஹெத்தாஃபே இடிச்சால் பயம் வருமே? கொரோனாவால் மார்ச்சில் நின்று ஜூனில் மீண்டும் தொடங்கிய சீசன் அது. அந்த இடைவெளியும் அவருக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறன்.

---

நடுக்களம்

மன்னார் அண்ணா, அருமை. உதைபந்தாட்டம் என்றே எழுதுங்கள்.

---

பாக்ஸ்_டு_பாக்ஸ்

லாஸ் பால்மாஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். அதே 2019–20இல், அதே 16 வயதில், இன்னொரு இரண்டாம் டிவிஷனில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். பர்மிங்ஹாம் சிட்டியில் இங்கிலாந்தின் பெல்லிங்ஹாம். 44 ஆட்டம், 4 கோல். 2020 கோடையில் இருவரும் ஒரே சமயத்தில் பெரிய கிளப்புக்கு மாறினார்கள். ஒருவர் டார்ட்மண்ட், ஒருவர் பார்சிலோனா. பெல்லிங்ஹாமும் நிறைய ஆட்டம் ஆடியவர்தான். அவருக்கு ஏன் தொடைத் தசை இப்படிப் போகவில்லை? சுமைதான் காரணம் என்றால் இருவருக்கும் ஒரே மாதிரி அல்லவா நடந்திருக்க வேண்டும்?

(பர்மிங்ஹாம் அவருடைய 22ஆம் எண் சட்டையையே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு சீசன் ஆடியவருக்கு! எனக்கு அது இன்னும் சிரிப்புதான்.)

---

ஐஸ்பேக்

இரண்டு பேரை வைத்து மருத்துவம் பேச முடியாது. ஆனாலும் சொல்கிறேன். பெல்லிங்ஹாமின் உடம்புக் கட்டு வேறு, ஓடும் விதம் வேறு. முக்கியமாக 2021 யூரோவில் இங்கிலாந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கியது, மாற்று ஆட்டக்காரராக. அதற்குப் பிறகு ஒலிம்பிக்ஸ் கிடையாது. பிரிட்டன் ஆடவர் கால்பந்து அணி டோக்கியோவுக்குப் போகவே இல்லை. அந்தக் கோடையில் ஒருவருக்கு ஓய்வு கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் பெல்லிங்ஹாமும் தோள்பட்டையோடு போராடி 2025இல் அறுவை சிகிச்சைக்குப் போனார் என்பதையும் மறக்க வேண்டாம்.

---

கடற்கரை_லெஃப்ட்பேக்

எல்லோரும் பிசியோ அறையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் மைதானத்துக்கு வாருங்கள் ஐயா.

இத்தாலி அரையிறுதி ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காமல் பெத்ரியை மட்டும் பாருங்கள். ஒல்மோ முன்வரிசையிலிருந்து கீழே இறங்குவார், அவரோடு இத்தாலியின் ஒரு ஆள் வருவார், ஜோர்ஜினியோ அரை அடி நகர்வார். அந்த அரை அடி திறந்ததும் பெத்ரி அங்கே இருப்பார். முன்கூட்டியே போய் நிற்க மாட்டார், இடம் திறக்கும் அதே நேரத்தில் போய்ச் சேருவார். பந்து வருவதற்குள் இரண்டு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பார். வந்த பந்தை நிறுத்தாமல் தன் உடம்பைத் தாண்டி உருளவிட்டு, தூரத்துக் காலால் எடுப்பார். வெராட்டி பாய்ந்து வரும்போது ஆள் அங்கே இல்லை.

அன்றைக்கு 90 நிமிடம் வரை ஒரு பாஸ்கூடத் தவறவில்லை. 120 நிமிடம் முடியும்போது 66இல் 65. பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுப் பெருமை தேடிய கணக்கும் இல்லை, பாதிக்கு மேல் எதிரணிப் பாதியில் நெருக்கடிக்குள் கொடுத்தவை. இப்படி ஓர் ஆட்டத்தை 18 வயதில் யாரும் ஆடிப் பார்த்ததில்லை, இனியெஸ்டாவைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்கிற பொருளில் அப்போதைய ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே பேசினார். அவர் சும்மா வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

ஆனால் எனக்கு அதைவிட குரோஷியா ஆட்டம்தான் பிடிக்கும். 20ஆவது நிமிடம், மைதானத்தின் பாதிக்குக் கிட்ட இருந்து கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்த சாதாரண பந்து, உனாய் சிமோன் காலில் நிற்காமல் நழுவி வலைக்குள் போய்விட்டது. சொந்தக் கோல் என்று பெத்ரி பெயரில் எழுதினார்கள். தப்பு கோல்கீப்பருடையது, பெயர் இவருடையது. யூரோ நாக் அவுட், 18 வயது. அடுத்த நிமிடமே அதே இடத்தில் நின்று பந்தைக் கேட்டு வாங்கினார். ஸ்பெயின் 5–3 ஜெயித்தது. எங்கள் ஏரியா டோர்னமெண்டில் சொந்தக் கோல் போட்டவன் அடுத்த ஞாயிறு மைதானத்துக்கே வர மாட்டான்.

நடுக்களம் அண்ணே, இந்த ஆட்டங்களெல்லாம் "தேவைதானா" என்றா கேட்கிறீர்கள்? தொடரின் சிறந்த இளம் வீரர், இளம் வீரர்களுக்கான கோபா கோப்பை, கோல்டன் பாய் விருதுகள், எல்லாம் அந்த வருடம் வந்ததுதான்.

---

நடுக்களம்

யூரோ தேவை. அதில் மறுபேச்சு இல்லை. கூடுதல் நேரத்தில் ஓர் ஆட்டத்திலாவது 100ஆவது நிமிடத்தில் எடுத்திருக்கலாம், அவ்வளவுதான். என் சண்டை ஒலிம்பிக்ஸோடு. யூரோ ஆடிய அணியிலிருந்து சிமோன், எரிக் கார்சியா, பாவ் டோரெஸ், ஒல்மோ, ஒயர்சாபால், பெத்ரி என்று ஆறு பேரைக் கொண்டுபோனார்கள். ஆறு பேரில் சின்னவன் இவன்.

கிளப் தன் சீசனை மட்டும் பார்த்தது. லூயிஸ் என்ரிக்கே தன் யூரோவைப் பார்த்தார். ஒலிம்பிக்ஸ் அணிப் பயிற்சியாளர் டெ லா ஃபுவென்தே தன் ஒலிம்பிக்ஸைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் தன் கணக்குப்படி நியாயம் இருந்தது. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் வேலை யாருடையது? பையனிடம் கேட்டால் "ஆடுகிறேன்" என்றுதான் சொல்வான். 18 வயதில் ஒலிம்பிக்ஸ் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

---

மன்னார்_உதை

இந்தக் கதையில் எல்லாரும் மறக்கிற இன்னொரு பெடியன் இருக்கிறார். 2020 நவம்பர் 7, பெத்திஸ் ஆட்டம், 5–2 வெற்றி. பெத்ரியின் முதல் லீக் கோல் அந்த ஆட்டத்தில்தான். அதே ஆட்டத்தின் முதல் பாதியில்தான் அன்சு ஃபாத்திக்கு முழங்கால் போனது, மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு. அவருக்கு அப்ப 18, பெத்ரிக்கு 17. அந்த நேரம் கேட்டிருந்தால் பார்சிலோனாக்காரர்கள் எல்லாரும் ஃபாத்தியின் பெயரைத்தான் முதலில் சொல்லியிருப்பினம். அவருக்குப் பிறகு 10ஆம் எண் சட்டையையும் கொடுத்தார்கள். அந்தப் பழைய வேகம் பிறகு முழுதாகத் திரும்பவே இல்லை.

ஒரே ஆட்டம், இரண்டு சின்னப் பெடியன்கள். பெத்ரிக்கு இவ்வளவு காயம் வந்தும் ஆட்டம் திரும்பியது என்றால் அதில் பெரும் பங்கு மூளையால் ஆடுகிற ஆள் என்பதற்கு. வேகத்தை நம்பி ஆடுறவனுக்கு முழங்கால் போனால் கதை வேறு.

---

திண்ணைப்பேச்சு

இது உண்மை. 2021 ஜனவரி பில்பாவோ ஆட்டம் ஞாபகம் வருகிறது. தலையால் ஒரு கோல், அப்புறம் பெட்டிக்குள் குதிகாலால் மெஸ்ஸிக்கு ஒரு பந்து. பின்னால் பார்க்கவே இல்லை, மெஸ்ஸி அங்கே வருவார் என்று தெரியும். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்தால் கையில் ஒரு பையோடு டாக்சி பிடித்து அண்ணனோடு தங்கியிருந்த வீட்டுக்குப் போகிற பையன்.

---

பாக்ஸ்_டு_பாக்ஸ்

சரி, இப்போது என் பெரிய கேள்வி. 2024–25இல் பார்சிலோனா மொத்தம் 60 ஆட்டம் ஆடியது. பெத்ரி ஆடியது 59. லீக், கோப்பை, சூப்பர் கோப்பை மூன்றும் ஜெயித்தார்கள். செவிய்யாவில் மாட்ரிட்டுக்கு எதிரான கோப்பை இறுதியில் முதல் கோலே இவருடையது (வெள்ளைச்சட்டை மன்னிக்க). தொடை எங்கேயும் போகவில்லை. 52 ஆட்டம் உடைத்தது என்றால் 59 ஏன் உடைக்கவில்லை?

---

வெள்ளைச்சட்டை

மன்னிக்க முடியாது.

---

ஐஸ்பேக்

எதிர்பார்த்த கேள்விதான். வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை.

முதலாவது, 22 வயது உடம்பு 18 வயது உடம்பு இல்லை. இரண்டாவது, 2024இல் புதுப் பயிற்சியாளர் ஃபிளிக்கோடு உடற்பயிற்சிப் பொறுப்புக்கு ஹூலியோ தூஸ் வந்தார். பலப் பயிற்சியின் முறையே மாறியது. தசை நீளும்போதே சுமை தாங்கப் பழக்குவதுதான் இந்த மாதிரிக் காயங்களுக்கு அடிப்படைத் தடுப்பு. மூன்றாவது, குரோஸ் மோதலுக்குப் பின் 2024 கோடையில் பந்தில்லாமல் சில வாரம் உட்கார வேண்டி வந்தது. முழங்காலுக்குக் கெட்டது, தொடைக்கு நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

நான்காவதுதான் முக்கியம். 59 ஆட்டத்தையும் ஒரே மருத்துவக் குழு பார்த்தது. இன்றைக்கு 60ஆவது நிமிடத்தில் எடு, புதன்கிழமை பயிற்சி பாதிதான் என்று ஒரே இடத்தில் முடிவாகும். 2021இல் கிளப் மருத்துவர், சீனியர் அணி மருத்துவர், ஒலிம்பிக்ஸ் அணி மருத்துவர் என்று கைமாறிக்கொண்டே போனது.

---

கோல்போஸ்ட்_குருவி

அப்படியானால் அந்த 2021 செப்டம்பருக்கு முன்னால் விடுமுறை கொடுத்தார்கள் என்றீர்களே, அது போதவில்லையா?

---

ஐஸ்பேக்

சீசன் நடுவில் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்புவது களைப்பைப் போக்கும். ஆனால் தசை பலம் கொஞ்சம் இறங்கும். திரும்பி வந்ததும் பேயர்ன் மாதிரி எதிரணிக்கு எதிராக முழு வேகத்தில் ஓடச்சொன்னால் ஆபத்து குறையாது, சில சமயம் கூடும். அதற்குத்தான் சீசனுக்கு முன்னால் ஐந்தாறு வாரத் தயாரிப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அவருக்கு அந்த வருடம் அது கிடைக்கவே இல்லை.

---

மட்டுறுத்துநர்

மெஸ்ஸி–ரொனால்டோ ஒப்பீட்டுக்குப் போன நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

---

கடற்கரை_லெஃப்ட்பேக்

பிசியோ சார் சொன்ன பிறகு நான் ஒலிம்பிக்ஸ் விஷயத்தில் அதிகம் சண்டை போட மாட்டேன். ஆனால் ஒன்று. இளம் வீரர்களைப் பொத்திப் பொத்தி வைத்து வீணடித்த கதைகளும் உண்டு. மேலே பெயர் வந்த ரிக்கி புய்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பெத்ரியைவிட அவரைப் பற்றித்தான் எதிர்பார்ப்பு அதிகம். ஆட்டமே கொடுக்கவில்லை. 2022இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 73 ஆடி உடம்பு போனவன் திரும்பி வந்துவிட்டான். ஆடாமலே போனவனுக்கு இழை திறக்க யாரும் இல்லை.

---

வெள்ளைச்சட்டை

இந்த இழையிலேயே உருப்படியான பாயிண்ட் இதுதான்.

---

நடுக்களம்

ஒப்புக்கொள்கிறேன், அது வேறு விதமான அநியாயம். ஆனால் நான் ஆடவிடாதே என்று சொல்லவில்லை. சீனியர் பெரிய தொடரில் பாதிக்கு மேல் ஆடியவனை அதே கோடையில் இன்னொரு தொடருக்கு அழைக்கக் கூடாது. இந்த ஒரு விதி போதும். கிளப்புக்கும் பாதகம் இல்லை, சங்கத்துக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

---

பாக்ஸ்_டு_பாக்ஸ்

எழுதப்படாமலே அது நடந்துவிட்டது என்று நினைக்கிறேன். 2024ஐப் பாருங்கள். அந்தக் கோடையிலும் யூரோ, உடனே பாரிஸ் ஒலிம்பிக்ஸ். யூரோவை 16 வயதில் தொடங்கி முழுக்க ஆடிய யமாலை பாரிஸுக்கு அழைக்கவில்லை. இன்னொரு இளம் பார்சிலோனா வீரர் குபார்சியை யூரோ அணியிலிருந்து விட்டுவிட்டு ஒலிம்பிக்ஸுக்கு மட்டும் கொண்டுபோனார்கள். இரண்டுக்கும் போனது ஃபெர்மின் லோபெஸும் அலெக்ஸ் பயெனாவும்தான். இருவரும் யூரோவில் களத்தில் இருந்தது சில நிமிடங்கள்தான். இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டார்கள். சீனியர் அணிப் பயிற்சியாளர் யார் தெரியுமா? டோக்கியோவுக்குப் பெத்ரியைக் கூட்டிப்போன அதே டெ லா ஃபுவென்தே.

---

ஐஸ்பேக்

அந்த ஃபெர்மின் செப்டம்பரிலேயே தசைக் காயத்தோடு சில வாரம் வெளியே உட்கார்ந்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

---

வெள்ளைச்சட்டை

யமாலுக்கு இப்போது கணக்கு யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, நாளைக்கு இன்னொரு இழை. நான் திறக்கிறேன். வெயில் அடித்தால்.